சோதனைக்குப் போன தண்ணீர்

மாசி மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அமுதவல்லி எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் காலி அரிசிப் பையோடு நின்ற காத்தாயிக்கு முதல் இரண்டு வரிகளில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது வரி வந்ததும் கையிலிருந்த பை நழுவியது.

“மாதிரி எடுத்த இடம், ஈச்சவயல் நல்லூரணி. தோற்றம், தெளிவானது. கலங்கல், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். குடிப்பதற்கு உகந்தது.” அமுதவல்லி திரும்பி வரிசையைப் பார்த்தாள். “தெளிவானதாம். கேட்டுக்கங்க. நம்ம எல்லாரு கண்ணுலயும்தான் பூ விழுந்து கெடக்குது.”

“குவாரிக்காரங்க கவனிச்சிருப்பாங்க” என்றார் வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர்.

“ஆபீஸ்ல வச்சு மாத்துனாங்களோ, இங்கிட்டே எவனாச்சும் மாத்துனானோ. அந்த ஆபீசரம்மா வந்த அன்னைக்குக் கூட நின்னது யாரு?” என்றாள் அமுதவல்லி.

யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க நூறுநாள் வேலைக்காக மேலக்கண்மாய்க் கரையில் இருந்தது. அமுதவல்லி காத்தாயியிடம் வந்தாள். காத்தாயியின் கணவர் முனியசாமிக்கு அவள் சித்தப்பா மகள், நாத்தனார் முறை.

“மதினி, எங்கண்ணந்தான ஊரணிக் காவலு? அவரும் பாக்கலையா?”

“அவுக அன்னைக்கு ஆட்டுச் சந்தைக்குப் போயிட்டாக” என்றாள் காத்தாயி. அது உண்மைதான். அதற்கு மேலே இருந்த உண்மையை அவள் சொல்லவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டு வழக்கமாகப் போகும் தெரு வழியாகப் போகாமல் வயல் வழியாக வீட்டுக்கு நடந்தாள்.

ஈச்சவயல் அன்னவாசலுக்கு மேற்கே ஒன்பது கிலோமீட்டர். ஊரில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். மாடு குளிப்பாட்டலாம், வீடு கட்டலாம். ஆடுகூட அதில் வாய் வைத்துவிட்டு உதட்டைச் சிலுப்பும். ஆகையால் குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் ஊர் முழுதும் நல்லூரணியைத்தான் நம்பியிருந்தது. செருப்புக் காலோடு இறங்கக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, ஆடு மாடு அண்டக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வதும், மழைக்காலத்தில் வரத்துவாரியின் மடையைத் திறந்து மூடுவதும் முனியசாமியின் காவல் வேலை. மழைத் தண்ணீரை வடக்கேயுள்ள பொட்டலிலிருந்து ஊரணிக்குக் கொண்டுவரும் வாய்க்காலுக்குத்தான் வரத்துவாரி என்று பெயர்.

அந்தப் பொட்டலில் எட்டு வருடமாகக் கல்குவாரி நடக்கிறது. வெடி வைக்கும்போது பாத்திரங்கள் அதிர்ந்ததையும், கொல்லையில் காயப்போட்ட மிளகாயில் தூசி படிந்ததையும் ஊர் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தது. பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்தார்கள் என்பது ஒரு காரணம். போன வருடம் சித்திரையில் பாறைத்தூளைக் கழுவி மணலாக்கும் இயந்திரம் வந்தது. எம்-சாண்ட் என்றார்கள். கழுவிய தண்ணீர் மாவுபோல வெள்ளையாக வெளியே வரும். அது காய்ந்ததும் வழித்தெடுத்து வரத்துவாரியின் கரையிலேயே குவித்தார்கள். குவியல் பனைமரத்தில் பாதி உயரம் வந்துவிட்டது. ஐப்பசியில் மழை பிடித்தபோது அத்தனையும் கரைந்து வாரி வழியாக ஊரணிக்குள் இறங்கிவிட்டது.

ஊரணித் தண்ணீர் கலங்கி வருவது புதிதல்ல. குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். இந்த வெள்ளை மட்டும் தங்கவில்லை. மூன்று நாள் வைத்து, மேலே நிற்பதை நாலாக மடித்த வேட்டித்துணியில் வடிகட்டி, மறுபடி இழைத்து வைத்தால்தான் குடிக்கிற பதத்துக்கு வரும். அப்படியும் சோற்றில் பல்லுக்கு நறநறவென்றது. குழந்தைகளுக்கு வயிற்று வலி. படித்துறையில் கால் வைத்தால் வெண்டைக்காய்போல வழுக்கியது. ஊரணியில் கிடந்த அல்லி இலைகளில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு பூச்சு.

மனு மேல் மனு போட்டதில், தை மாதம் பதினெட்டாம் தேதி உச்சி வேளையில் புதுக்கோட்டைக் குடிநீர் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஹேமா. ஐந்து மாதக் கர்ப்பிணி. வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. விறகு பொறுக்கிக்கொண்டு வந்த காத்தாயி கட்டை இறக்கிவிட்டு விசாரித்தாள்.

“ஊரணித் தண்ணி ஒரு பாட்டில் எடுக்கணும்மா. எறங்குனா வழுக்கிவிட்டுரும்போல இருக்கே.”

“ஆத்தாடி, நீ எறங்காத தாயி. புள்ளத்தாச்சி. குடு இங்கிட்டு, நான் கொண்டாரேன்.”

ஹேமாவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பாட்டிலைக் கொடுத்துவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிப் பேச ஆரம்பித்தாள். காத்தாயி படித்துறை வரைக்கும் போனாள். குனிந்து பார்த்தாள். சாந்து கரைத்ததுபோல நின்றது தண்ணீர். அவ்வளவு தூரம் வெயிலில் வந்த பெண்ணிடம், அதுவும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம், இதையா மொண்டு நீட்டுவது? சோதனைக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பிள்ளைக்குத் தலை வாரி நல்ல சட்டை போட்டு அனுப்புவதுபோல, ஆபீசுக்குப் போகிற தண்ணீரைப் பார்க்கச் சகிக்கிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று ஏதோ ஒன்று கையைப் பிடித்துத் தள்ளியது. வீட்டில் மூன்றாம் நாள் குடம் தயாராக இருந்தது. பாட்டிலை இரண்டு தரம் அலசினாள். நிரப்பினாள். வாய்ப்பக்கத்தை முந்தானையால் துடைத்து மூடினாள். ஹேமாவிடம் கொடுத்தபோது, குடிக்க ஒரு செம்பும் சேர்த்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது.

முனியசாமி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் காத்தாயி முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் கம்மங்கூழைக் கலக்கிக்கொண்டே கேட்டார். பாட்டிலை அலசிய இடம் வந்தபோது கலக்குவதை நிறுத்தினார். முந்தானை வந்தபோது அவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. கூழ் புரையேறி இருமினார்.

“சிரிக்காதீங்க.”

“முந்தானையால தொடச்சியா?”

“ஆமா.”

“அடி கிறுக்கச்சி. ஏலக்காய் தட்டிப் போடாமப் போனியே.”

“ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. அந்தத் தாளக் காட்டியே இனி குவாரிக்காரன் எல்லாத்தையும் முடிச்சிருவான். அடுத்த ஐப்பசியிலயும் அந்தக் குமி கரைஞ்சு ஊரணியிலதான வந்து விழுவும்.”

முனியசாமியின் சிரிப்பு நின்றது. அவர் கூழை ஓரமாக வைத்தார். “விழுவும். இன்னொரு தடவை விழுந்தா ஊரணித் தரையே மெழுகுனாப்ல ஆயிரும். அப்பறம் ஊரணி எதுக்கு, நான் எதுக்கு.” தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “யாருக்கும் தெரியுமா?”

“ஒங்களுக்கும் எனக்கும்.”

“அந்தாளுக்கு?”

அந்தாள் என்றது மகனை. அறிவுச்செல்வன் டிப்ளமோ படித்தவன். இரண்டு வருடம் திருப்பூரில் இருந்துவிட்டு, இந்தத் தையில்தான் குவாரி எடைமேடையில் லாரிச் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சேர்ந்தது தை ஐந்தாம் தேதி. தண்ணீர் எடுத்தது பதினெட்டாம் தேதி. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊருக்கு ஒரு நிமிடம் போதும்.

அவன் வந்ததும் அவனிடமும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.

“ஆத்தா, நீ இத வெளியில சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சியா? மகனுக்கு வேலை வாங்கிக்கிட்டு தண்ணிய மாத்திட்டானு சொல்லுவாங்க. அமுதவல்லி அத்த ஒண்ணே போதும், அன்னவாசல் வரைக்கும் கேக்குற மாதிரி சொல்லும்.”

“சொல்லட்டும்.”

“அங்கிட்டு மேனேஜர் என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லுவாரு.”

“அதுவும் தெரியுது.”

“அப்ப சும்மா இரு. மறுபடி மனு போடட்டும், மறுபடி வந்து எடுக்கட்டும்.”

“இந்தத் தாளு இருக்கையில இனி யாருடா வருவா?”

ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்தான். முடியில் வெள்ளைத் தூசி. “ரெண்டு வருசம் திருப்பூர்ல கெடந்தேன் ஆத்தா. ஒங் கையால சோறு திங்கலாம்னுதான் வந்தேன்” என்றான். அவள் எழுந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

பதினொரு நாள் அவள் அதைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் ஊரணிக்குக் காலை ஐந்து மணிக்கே, வேறு பெண்கள் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்தாள். அமுதவல்லியின் பேத்திக்கு வயிற்றுப்போக்கு கண்டு இலுப்பூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய அமுதவல்லி, “தெளிவானத குடிச்சதுக்கே இப்புடி மதினி. கலங்குனதக் குடிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்” என்று காத்தாயியிடம்தான் சொன்னாள். அவளைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று இரவே காத்தாயி பஸ்ஸுக்குக் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணி பஸ்ஸில் அவள் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டாள். முனியசாமி பஸ் நிறுத்தம் வரை வந்தார். “நானும் வரவா?” என்றார். “ஊரணியப் பாருங்க. மாடு எறங்கிரப் போவுது” என்றாள். ஆய்வகத்தை மூன்று இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தபோது மணி பத்து. ஹேமா அப்போதுதான் வந்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

“ஈச்சவயல் அம்மாதானே? தண்ணி குடுத்தீங்களே.”

“ஆமா தாயி. அதத்தான் சொல்ல வந்தேன்.”

அவள் சொல்லி முடிக்கும்வரை ஹேமா இடைமறிக்கவில்லை. முடித்ததும் பேனாவை மேசையில் வைத்தாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க? அது குடிக்கிற தண்ணி இல்லம்மா, சோதனைக்கு. உள்ளது உள்ளபடி வரணும். அந்தப் பாட்டிலே சுத்தம் பண்ணி மூடுனது. அதைப் போய் அலசி…”

“தொடச்சேன் தாயி.”

“தொடைச்சது வேறயா.” ஹேமா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “நானும் யோசிச்சேன். ஒங்க ஊரணி வெள்ளையா இருக்குன்னு என் கண்ணால பாத்தேன். மெஷின்ல வச்சா தெளிவுன்னு காட்டுது. மேல உள்ளது தெளிஞ்சிருக்கும், அடியில உள்ளதுதான் வெள்ளைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.”

“என் பேரப் போட்டு எழுதிக்க தாயி. அந்தம்மா ஏமாத்திருச்சுன்னு.”

“ஏமாத்துனீங்களா?”

“இல்ல.”

“அப்ப எப்படி எழுதுறது? எறங்கி எடுக்க வேண்டியது நான். எடுக்காதது நான்.” மேசையில் வைத்த பேனாவை மறுபடி எடுத்தாள். “இதை எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு மெமோ வரும். எழுதாம விட்டா ஒங்க ஊருக்கு அந்தத் தண்ணி. இன்னும் பத்து நாள்ல நான் லீவுல போறேன். எனக்கடுத்து வர்றவங்க பழைய ரிசல்ட்டப் பாத்துட்டு ஃபைல மூடிருவாங்க.”

ஹேமா ஒரு வெள்ளைத்தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். நடுவில் நிமிர்ந்து, “சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டாள்.

“ஆச்சு தாயி. நீ எழுது.”

பங்குனி நான்காம் தேதி ஹேமா மறுபடி வந்தாள். இந்த முறை ஜீப்பில், ஒரு உதவியாளரோடும் மூன்று பாட்டில்களோடும். முன்கூட்டியே இரு பக்கமும் தகவல் கொடுத்திருந்தபடியால் ஊரணிக் கரையில் ஊரே நின்றது. குவாரி மேனேஜர் கணேஷ், அறிவுச்செல்வனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சிரித்த முகக்காரர். யாரிடமும் சத்தமாகப் பேச மாட்டார்.

“மேடம், ஒரு தடவை ரிசல்ட் வந்தாச்சு. கவர்மெண்ட் ரிசல்ட். ரெண்டு மாசத்துல தண்ணி மாறிருமா? நாளைக்கு யாராவது ஒரு மூட்டை சுண்ணாம்பக் கொட்டிட்டு இதையும் டெஸ்ட் பண்ணுங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“யாருய்யா கொட்டுறது?” என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. “ஒங்க குமியில வந்து பாருய்யா.” “எங்க தண்ணிய நாங்களே கெடுத்துக்குவமா?” நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். ஹேமா கையை உயர்த்தி, “முதல்ல எடுத்த சாம்பிள முறைப்படி எடுக்கல. அதுல என் தவறு…” என்று தொடங்கினாள்.

“அந்தம்மா தப்பு இல்ல” என்றாள் காத்தாயி.

எல்லாரும் திரும்பினார்கள். மேனேஜரின் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மொத தடவ போனது ஊரணித் தண்ணி இல்ல. எங்க வீட்டுத் தண்ணி. நாந்தான் குடுத்தேன். மூணு நாளு தேத்தாங்கொட்டை போட்டுத் தெளியவச்சு வடிகட்டுன தண்ணி. அதான் தெளிவானதுன்னு வந்துச்சு.”

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், “மகன் வேலைக்குச் சேந்தது எப்ப?” என்றது.

“தை அஞ்சாந்தேதி” என்றாள் காத்தாயி. “அதுக்காகக் குடுக்கல. அதுக்காகத்தான் இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்தேன். ரெண்டும் வேற வேற. குடுத்ததுக்கு வேணா மன்னிச்சுக்கங்க. சொல்லாம இருந்ததுக்கு என்ன சொல்றீகளோ கேட்டுக்கிறேன்.”

முனியசாமி நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். கூட்டத்தின் கண்கள் ஒவ்வொன்றாக அமுதவல்லியின் பக்கம் போயின. ஊரில் எதையும் முதலில் சொல்கிறவள் அவள்தான் என்பதால் அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தார்கள். பேத்தி இடுப்பில் இருந்தாள். அமுதவல்லி காத்தாயியை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாட்டிலக் கழுவுனீகளா மதினி?”

“கழுவுனேன்.”

“எதுல?”

“தெளிஞ்ச தண்ணியிலதான்.”

“தொடச்சீகளா?”

“…தொடச்சேன்.”

அமுதவல்லி பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பின்ன என்னா?” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “ஒரு புள்ளத்தாச்சி வெயில்ல வந்து ஒக்காந்து தண்ணி வேணும்ங்கிறா. அந்தச் சாந்தையா மோந்து நீட்டுறது? என்னையக் கேட்டிருந்தா நானும் அதத்தான் குடுத்திருப்பேன். இங்க நிக்கிற எவளக் கேட்டிருந்தாலும் அதத்தான் குடுத்திருப்பா. நானா இருந்தா சீரகம் ஒரு சிட்டிகை தட்டிப் போட்டுருப்பேன். அப்ப தாள்ல சீரணத்துக்கு நல்லதுன்னு சேத்து எழுதி வந்திருக்கும்.”

முதலில் சிரித்தது ஹேமாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பெண்கள் பக்கம் தொடங்கி ஆண்கள் பக்கம் போய், கேள்வி கேட்ட பின்வரிசைக்காரர் வரை அது பரவிவிட்டது. காத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை. படித்துறையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏந்திரிங்க மதினி, அந்தப் பக்கம் புடிங்க” என்றாள் அமுதவல்லி. “ஆபீசரம்மா இன்னைக்கு அவங்களே எறங்கணுமாம்.”

வழுக்காமல் இருக்கப் படிகளில் சாம்பலைத் தூவினார்கள். ஒரு பக்கம் காத்தாயி, மறு பக்கம் அமுதவல்லி. முன்னால் முனியசாமி பின்புறமாக நடந்து ஒவ்வொரு படியாகக் காட்டினார். ஹேமா ஆறு படி இறங்கி, குனிய முடியாமல் குனிந்து, மூன்று பாட்டில்களையும் தன் கையாலேயே முக்கி எடுத்தாள். மூன்றும் மோர்போல இருந்தன. உதவியாளர் சீல் வைத்தார். கணேஷ் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். சிரித்த முகம் கொஞ்சம் மாறியிருந்தது. போகும்போது அறிவுச்செல்வனின் வண்டியில் ஏறவில்லை. குவாரி ஜீப்பை வரச் சொன்னார்.

மேலே வந்து உட்கார்ந்த ஹேமா, “அம்மா, கொஞ்சம் தண்ணி” என்றாள்.

“குடிக்கவா, பாட்டிலுக்கா?” என்று கேட்டார் முனியசாமி.

இரண்டாவது முடிவு பன்னிரண்டு நாளில் வந்தது. அதை அமுதவல்லி எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பாதி ஊர் அவளுக்கு முன்பே படித்துவிட்டது. கலங்கல், அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு. குடிக்க உகந்ததல்ல. அதை வைத்து நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால்: சித்திரையில் வருவாய்த் துறையினர் வந்து வாரிக் கரையை அளந்தார்கள். வைகாசியில் உத்தரவு வந்தது. குவியலை வாரியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கழுவும் தண்ணீரை மூன்று தொட்டிகளில் தேக்கித் தெளியவைத்து மறுபடி குவாரியே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு வெளியே வரக் கூடாது. வாரியையும் ஊரணியையும் தூர்வாரித் தர வேண்டும். அதுவரை குடிதண்ணீர் லாரி ஒன்று தினமும் வரும். ஹேமாவுக்கு மெமோ வந்ததாம். ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரசவ லீவில் போய்விட்டாள் என்று ஆய்வக ஜீப்பின் டிரைவர் சொன்னார். ஆண் குழந்தை என்ற செய்தியும் அவர் வழியாகத்தான் வந்தது.

இரண்டாவது தடவை தண்ணீர் எடுத்த அன்று மாலையே அறிவுச்செல்வனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தான். முதல் இரண்டு நாள் ஆத்தாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “கொழம்புல உப்பு இல்ல” என்றான். அதற்குமேல் அந்த விஷயம் பேசப்படவில்லை. உத்தரவு வந்ததும் குவியலை அள்ள எத்தனை லாரி, எத்தனை நடை, எங்கே கொட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. எடைமேடையில் புதிதாக வந்தவன் முதல் வாரத்திலேயே குழப்பிவிட்டான். கணேஷ் போன் செய்தார்.

“வர்றியா தம்பி?”

“குமி அள்ளுற கணக்கு மட்டும்னா வாரேன் சார். உள்ளது உள்ளபடிதான் எழுதுவேன்.”

“ஒங்கம்மா புள்ளதான நீ” என்றார் கணேஷ். குரலில் சிரிப்பா சலிப்பா என்று தெரியவில்லை என்றான் மகன். ஆனி முடியும்வரை டிப்பர்கள் ஓடின. அவன் முந்நூற்றுப் பன்னிரண்டு நடைக்குச் சீட்டு எழுதினான். ஊரணித் தரையில் படிந்திருந்த வெள்ளைக் களியை முழங்கால் ஆழத்துக்கு வழித்தெடுத்தபோது அடியில் பழைய செம்மண் தெரிந்தது. ஆண்கள் மண்வெட்டியோடும் பெண்கள் கூடையோடும் இறங்கினார்கள். அமுதவல்லி கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டே, “ஆபீசு பாட்டிலு எதும் கெடந்தா சொல்லுங்கடி, எங்க மதினி கழுவி வைப்பாக” என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கேலி வருடக்கணக்கில் தன்னை விடப்போவதில்லை என்று காத்தாயிக்குப் புரிந்தது. அது அவளுக்கு வருத்தமாக இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. தாளில் எழுதியது ஒன்று, மழையில் வருவது ஒன்று. வாரியின் மேற்பக்கம் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு வெள்ளை ஒளிந்திருக்கிறதோ. தொட்டிகள் நிரம்பி வழிந்தால்? ஆவணி, புரட்டாசி இரண்டிலும் வானம் ஏமாற்றிவிட்டது. ஊரணி காய்ந்து பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐப்பசி ஆறாம் தேதி மத்தியானம் வடக்கே இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டியது. வாரியில் வந்த முதல் தண்ணீரை எப்போதும் ஊரணிக்குள் விடுவதில்லை; சருகும் சாணியுமாக வரும். முனியசாமி அதைக் கழிவுமடை வழியாகக் கண்மாய்க்குத் திருப்பிவிட்டார். குப்பையில் நிறம் எதுவும் தெரியவில்லை.

எட்டாம் தேதி விடிவதற்குள் மறுபடி பிடித்தது. காலை ஏழு மணிக்கு மழை தூறலாகக் குறைந்தபோது, முனியசாமி கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்பினார். காத்தாயி பின்னாலேயே போனாள். வழியில் அமுதவல்லி சேர்ந்துகொண்டாள். அறிவுச்செல்வன் பல் விளக்கிக்கொண்டே வந்தான். மடைக்குப் போவதற்குள் இருபது முப்பது பேர் ஆகிவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

வாரியில் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. மேகம் மூடிய மங்கல் வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரிந்தது. முனியசாமி மடைப்பலகையில் கை வைத்தவர் தூக்காமல் நின்றார். வாரியில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

“என்னாண்ணே?” என்றாள் அமுதவல்லி.

அவர் இன்னொரு கை அள்ளிக் காத்தாயியின் கையில் ஊற்றினார். காவி கரைத்ததுபோல இருந்தது. விரலிடுக்கில் வழிந்து போனபின் உள்ளங்கையில் நாலு செம்மண் பொடி நின்றது; வெள்ளை ஒரு துளியும் இல்லை. அவளும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். புதுமழையில் நனைந்த காட்டின் ருசி.

“சேறு” என்றாள்.

“சேறுதாண்டி. வெறும் சேறு.” அவர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து மேலே தூக்கினார்.